பின்னறை விளக்கு

லூலே காப்பிக் கடைக்குள் நுழைந்ததும் அங்கிருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மறுநாள் மாதா திருநாள். லிதாரி என்ற எங்கள் கிரேக்கத் தீவின் ஆண்களில் பாதிப் பேர் அந்தப் பிற்பகலில் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட "வா" என்று சொல்லவில்லை. கடைக்காரர் மட்டும், அவள் காதில் விழ வேண்டும் என்றே, "எல்லாரும் அவங்கவங்க பர்ஸைப் பார்த்துக்குங்கப்பா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. வாடகைக்கு அறை எடுத்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு அது.

லூலே யாரையும் பார்க்காமல் கடைசி மேசைக்குப் போனாள். அங்கே மெனெலாஸ் தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தார். துறைமுகக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதிரே டாக்ஸிக்கார மனூசோஸ். தீவில் இருப்பதே இரண்டு டாக்ஸி. அதில் ஒன்றை ஓட்டுவதால் ஊர் விவகாரம் மொத்தமும் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு அவனுக்கு.

"மெனெலாஸ் அண்ணே, நான் திருடலை" என்றாள் லூலே.

"உட்காரும்மா."

"உட்கார நேரமில்ல. சாயங்காலக் கப்பல்ல என்னைப் பெரிய தீவு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். 'சுத்திக் கடல், எங்க ஓடிடப் போற, போய்த் துணிமணி எடுத்து வை'ன்னு காவலர் விட்டிருக்கார். நான் போறதுகூடப் பரவாயில்ல அண்ணே. திருடின்னு பேரு வாங்கிட்டுப் போனா என் பொண்ணைக் குடுக்க மாட்டாங்க. அத்தை இப்பவே சேனியை உள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டாங்க."

சொல்லும்போது அவள் அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது. மெனெலாஸ் கட்டையைப் பலகை மேல் வைத்துவிட்டு எழுந்தார். ஜெயிக்கிற ஆட்டம் போச்சே என்று மனூசோஸ் ஒரு கணம் பலகையைப் பார்த்தான். பிறகு அவனும் துள்ளி எழுந்தான்.

விஷயம் இதுதான். லூலே அல்பேனியாக்காரி. ஒலிவக்காய் பறிக்க வந்தவள், இந்த ஊர் மாலுமி ஸ்ட்ராத்திஸைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். ஸ்ட்ராத்திஸ் வருஷத்தில் முக்கால்வாசி நாள் சரக்குக் கப்பலில். அவன் அம்மா பொலிக்சேனியின் வீட்டில் ஐந்து அறைகள் விருந்தாளிகளுக்கு விடப்படுகின்றன. பெயர்ப் பலகையில் பொலிக்சேனியின் பெயர் இருக்கிறது. சமைப்பது, துவைப்பது, கூட்டுவது, கப்பல் வரும்போது துறைமுகத்தில் நின்று ஆள் பிடிப்பது எல்லாம் லூலே. பொலிக்சேனி என்ற பாட்டி பெயரைத்தான் மகளுக்கும் வைத்து, சேனி என்று சுருக்கினாள். ஆனாலும் ஒன்பது வருஷமாக மாமியார் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஏய் அல்பேனியாக்காரி" என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் விருந்தாளிகள் முன்னால்.

இப்போது பின்னறையில் தங்கியிருப்பவர் ஏதென்ஸிலிருந்து வந்த அஸ்பாசியா அம்மாள். பேரனுடைய ஞானஸ்நானத் தங்கச் சிலுவையைத் திருநாளன்று மாதாவுக்குச் சாத்துவதாக நேர்ந்துகொண்டு வந்தவர். காய்ச்சலில் சாகக் கிடந்த பிள்ளையாம், பிழைத்துவிட்டதாம். முந்தின சாயங்காலம் முற்றத்தில் எல்லாருக்கும் அந்தச் சிலுவையைக் காட்டினார். இன்று நண்பகல் கோயிலிலிருந்து திரும்பிப் பார்த்தால் சிலுவை இல்லை. காவலர் வந்தார், தேடினார். லூலேயின் துணிக் கூடையில், அவளுடைய தலைத்துணிக்குள் சுருட்டி வைத்தபடி கிடந்தது. மாதாவின் பொருளில் கை வைத்தவள் என்றால் எங்கள் ஊர் பொறுக்குமா? செய்தி மலையேறி இறங்குவதற்குள் ஊர் கொதித்துப் போயிற்று.

சந்து வழியாக நடந்தபோது இரண்டு பெண்கள் லூலேயைப் பார்த்துத் தரையில் துப்பினார்கள். மனூசோஸ் காதோடு காதாக ஆரம்பித்தான்.

"அண்ணே, இது அந்த ஏதென்ஸ் கிழவி வேலை. நேர்ந்துகிட்டாச்சு, தங்கம் குடுக்க மனசு வரல. திருடு போச்சுன்னு ஒரு நாடகம். எப்படி?"

"நாடகம்னா லூலே கூடையில எதுக்குப் போடணும்? தன் பையிலயே வெச்சுக்கலாமே."

"அதுவும் சரிதான்" என்று மனூசோஸ் பத்தடி சும்மா நடந்தான். அவனால் அவ்வளவுதான் முடியும். "அப்ப மாமியார்தான். வேற யாரு? இவளைக் கண்டாலே அந்தம்மாவுக்கு வேப்பங்காய். ஆனா ஒண்ணு இடிக்குதுண்ணே. ஈஸ்டர் முடிஞ்சதுல இருந்து ஊருக்கே சொல்லிட்டுத் திரியறாங்க, வீடு சேனி பேருக்குத்தான்னு. திருநாள் முடிஞ்சதும் எழுதறாங்களாம். தன் பேரு வெச்ச பேத்தியாச்சே."

"தாய் வீடு மூத்த பொண்ணுக்குத்தானே போகும் நம்ம ஊர்ல?"

"மூத்தவ கலியோப்பிக்கு ரெண்டும் பையனாப் போச்சே. அவ கையில குடுத்தா நாளைக்கு எவளோ மருமக பேருக்குப் போகும்னு கிழவி கணக்கு. கலியோப்பி பாவம், ஒரு வார்த்தை சண்டை போடலையாம். தங்கமான பொண்ணு."

மெனெலாஸ் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.

வீட்டு வாசலிலேயே பொலிக்சேனி வழியை மறித்து நின்றாள். உடம்பு முழுக்கக் கறுப்பு, கால் வெறுங்கால். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அவள் செருப்பே போடவில்லை. கப்பலில் இருக்கும் மகன் நல்லபடியாகக் கரை சேர வேண்டும் என்று மாதாவுக்கு நேர்த்திக்கடன். கோயில் மலைக்கு அந்தக் கால்களோடுதான் தினமும் ஏறி இறங்கினாள். குதிகால் பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

"உங்களை யாரு கூப்பிட்டது? இந்தத் திருடி கூப்பிட்டா வந்துடறதா?"

"ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்னு வந்தேன், பொலிக்சேனி" என்றார் மெனெலாஸ்.

"காப்பி போட இங்க யாரும் இல்ல. போடறவ கம்பி எண்ணப் போறா."

"அம்மா, சும்மா இருங்க. பெரியவர் வந்திருக்கார்" என்று உள்ளேயிருந்து கலியோப்பி வந்தாள். பொலிக்சேனியின் மூத்த மகள், இரண்டு சந்து தள்ளிக் குடியிருப்பவள். திருநாளுக்கென்று தைத்த நீலப்பட்டுக் கவுன் போட்டிருந்தாள். காலில் மட்டும் அடுப்படியில் போடுகிற துணிச் செருப்பு. "உள்ள வாங்கண்ணே. சத்தம் கேட்டு அப்படியே ஓடி வந்தேன். நேத்துச் சாயங்காலத்துக்கு அப்புறம் இப்பத்தான் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கிறேன், வந்தா இந்தக் கண்றாவி. லூலே, நீ வருத்தப்படாதம்மா. ஏதோ புத்தி தடுமாறிடுச்சு. நான் வேணா காவலர்கிட்ட பேசிப் பார்க்கட்டுமா? நீயா ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டா, கேஸ் இல்லாம விட்டுடுவாங்க."

"நான் எடுக்கல அண்ணி."

"சரிம்மா, சரி. எடுக்கல" என்று கலியோப்பி அவள் தோளைத் தட்டினாள். சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்கிற தட்டு. பார்த்துக்கொண்டிருந்த மனூசோஸுக்கு அவள் மேல் மரியாதை கூடியது. உருக்கமாக மூக்கை உறிஞ்சினான்.

முற்றத்தில் நாற்காலியை நடுவில் போட்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அஸ்பாசியா அம்மாள் உட்கார்ந்திருந்தார். காவலர் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். மெனெலாஸ் குனிந்து வணக்கம் சொன்னார்.

"நீங்க யாரு? இன்னொரு போலீஸா? ஒரு போலீஸே இங்க அதிகம்" என்றார் அஸ்பாசியா அம்மாள். "என் சிலுவை கிடைச்சிடுச்சு. ஆனா இந்த விடுதியைப் பத்தி நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. யாரும் காது குடுத்துக் கேட்கல."

"நான் கேட்கறேன் அம்மா. எல்லாத்தையும் சொல்லுங்க."

அந்த அம்மாளை அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. மடை திறந்தது. மெத்தை கல்லு மாதிரி. பக்கத்து வீட்டுக் கழுதை விடிய விடியக் கத்துகிறது. ரொட்டி முந்தாநாள் ரொட்டி. காவலர் கண்ணை மேலே சொருகினார். மெனெலாஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"அப்புறம் அந்த விளக்கு! மாதா படத்துக்கு முன்னாடி இருக்கற எண்ணெய் விளக்கு. புகை எனக்கு ஒத்துக்காது, தலைவலி வந்துடும். மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இன்னிக்குக் காலையில நானே திரியை அமுக்கி அணைச்சேன். திரும்பவும் ஏத்தாதேன்னு தெளிவாச் சொன்னேன். மத்தியானம் வந்து பார்த்தா ஜெகஜோதியா எரியுது! நான் சொன்னா ஒரு மதிப்பு இல்லையா? தரை வேற. துடைச்சாச்சுன்னு சொன்னா இவ. படத்துக்கு முன்னாடி வெள்ளையா அழுக்கு. வீட்டுக்காரி வந்து தன் கண்ணால பார்க்கட்டும்னு விளக்கையும் அணைக்கல, யாரையும் துடைக்கவும் விடல, அழுக்கு மேல துண்டைப் போட்டு வெச்சிருக்கேன்."

"விளக்கை ஏத்தக்கூடாதுன்னு யார்கிட்ட சொன்னீங்க?"

"இந்தப் பொண்ணுகிட்டத்தான். காப்பி கொண்டு வந்தப்ப. இங்க வேற யாரு காலையில கண்ணுல படறாங்க?"

"சிலுவை எங்க இருந்தது?"

"மாதா படத்துக்குக் கீழ, அந்தப் பலகையில. டப்பாவோட."

மெனெலாஸ் பின்னறையைப் பார்க்க அனுமதி கேட்டார். காவலர் தோளைக் குலுக்கினார்.

பின்னறை அந்த வீட்டிலேயே பழைய அறை. பொலிக்சேனியின் புருஷன் கண்மூடியது அங்கேதான். அதனால் விருந்தாளிகளுக்கு விட்டபோதும் மூலையில் இருந்த மாதா படத்தையும் விளக்கையும் எடுக்கவில்லை. விளக்கு இப்போதும் எரிந்துகொண்டிருந்தது. பலகையில் தீப்பெட்டி. மெனெலாஸ் துண்டை விலக்கினார். சிவப்புத் தரையில், படத்துக்கு நேர் எதிரே, இரண்டு வெள்ளைத் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில். வருகிற தடமும் போகிற தடமும் மங்கல். இவை மட்டும் அழுத்தம். யாரோ அங்கே நின்றிருக்கிறார்கள். அடிப்பாகம் வழவழவென்று, கோடு எதுவும் இல்லாத செருப்பு. மெனெலாஸ் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"சுண்ணாம்பு" என்றார்.

பின்கதவைத் திறந்தார். கொல்லைப்புறக் கல்தரையின் ஓரங்களும் மூன்று படிகளும் வெயிலில் கண்ணைக் கூசும் வெள்ளையாய் இருந்தன. நடுப்படியில் மட்டும் வெள்ளை பெயர்ந்து ஒரு திட்டு. சுவரோரம் சுண்ணாம்பு வாளி, அதன் பக்கத்தில் ரப்பர் பூட்ஸ். பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஆழமாக வரிவரியாய்ப் பள்ளம்.

"இது யாருது?"

"என்னுது அண்ணே" என்றாள் லூலே. "திருநாளுக்குன்னு எல்லாரும் போன வாரமே சுண்ணாம்பு அடிச்சு முடிச்சிட்டாங்க. எனக்குக் கை ஒழியல. இன்னிக்குக் காலையிலதான், இந்த அறையைத் துடைச்சுப் பூட்டிச் சாவியை அடுப்படி ஆணியில மாட்டிட்டு, படிக்கு அடிச்சேன். அடிச்ச கையோட கப்பலுக்கு ஓடிட்டேன். ஆளுங்களைக் கூட்டிட்டு முன்வாசல் வழியாத்தான் வந்தேன், இந்தப் பக்கமே வரல."

"அப்ப வீட்டுல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. அத்தை கோயிலுக்குப் போயிருந்தாங்க, சேனியும் கூட."

"இந்த வீட்டுச் சாவி எந்த ஆணியில தொங்கும்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"வீட்டு ஆளுங்களுக்குத் தெரியும்."

மனூசோஸ் அவரை ஓரமாக இழுத்தான். "அண்ணே, புடிச்சிட்டேன். கிழவி கோயிலுக்குப் போற மாதிரி போயிட்டு, பாதி வழியில திரும்பி வந்து..."

"மனூசோஸ், காலையில டாக்ஸி எடுத்தியா?"

"பின்ன? ரொட்டிக் கடை வாசல்லதான் நின்னேன்."

"கலியோப்பியைப் பார்த்தியா?"

"பார்க்காம? நீலக் கவுன், புதுத் தோல் செருப்பு, ராணி கணக்கா ஊர்வலம் போனா. 'யாருக்குடி கல்யாணம்'னு கேட்டேன், முறைச்சிட்டுப் போனா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிடு."

மனூசோஸ் வாயைப் பிளந்தபடி ஒரு நிமிஷம் நின்றான். பிறகு ஏதோ புரிந்த மாதிரி ஓடினான். ஒன்றும் புரியவில்லை என்பதை அவனே அன்று மாலை காப்பிக் கடையில் ஒப்புக்கொண்டான்.

முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். அஸ்பாசியா அம்மாள் நாற்காலியை விடவில்லை. பொலிக்சேனி தூணில் சாய்ந்து நின்றாள். கலியோப்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். லூலே துணி மூட்டையோடு தனியாக வெயிலில் நின்றாள்; நிழலுக்கு வா என்று யாரும் சொல்லவில்லை. மெனெலாஸ் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"அஸ்பாசியா அம்மா இன்னிக்கு நிறையப் புகார் சொன்னாங்க. சிலுவைப் புகாரைக் காவலர் எடுத்துக்கிட்டார். விளக்கையும் தரையையும் நான் எடுத்துக்கிட்டேன்" என்றார். "காலையில அணைச்ச விளக்கு மத்தியானம் எரியுது. நடுவுல இந்த அறைக்குள்ள வந்தது ஒரே ஆளு. சிலுவையை எடுத்த ஆளு."

"திருட வந்தவன் எதுக்குய்யா விளக்கு ஏத்தணும்?" என்றார் காவலர்.

"வேற ஊரா இருந்தா ஏத்த மாட்டான். இது லிதாரி. மாதா திருநாளுக்கு முந்தின நாள். சிலுவை இருந்ததோ மாதா காலடியில. கையை நீட்டினா எதிர்ல விளக்கு அணைஞ்சு கிடக்கு, பக்கத்துலயே தீப்பெட்டி. பொறந்ததுல இருந்து அணைஞ்ச விளக்கைக் கண்டா ஏத்தி, நின்னு, சிலுவை அடையாளம் போட்டு வளர்ந்த கை. அது மனசைக் கேட்காது. தானா ஏத்திடும். ஏத்தினது ஞாபகத்துலகூட இருக்காது. தரையில ரெண்டு தடம் சேர்ந்தாப்புல இருக்கு பாருங்க. நின்னு கும்பிட்டுட்டுத்தான் திருடியிருக்காங்க."

மனூசோஸ் தன்னையறியாமல் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். அவர் சொன்னது எத்தனை உண்மை என்று எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"இந்த வீட்டுல விளக்கை ஏத்தக் கூடாதுன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்திதான். லூலே. அவ உள்ள வந்திருந்தா விளக்கு அணைஞ்சேதான் இருந்திருக்கும்."

"தந்திரமா ஏத்தியிருக்கலாமே?" காவலர் விடவில்லை.

"தந்திரம் பண்ணினவ, புடிபட்டதும் மொத வேலையா அதைச் சொல்லிக் காட்டியிருப்பா. இவ என்கிட்ட வந்தப்ப விளக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எரிஞ்சதே அவளுக்குத் தெரியாது. அதோட, அவளோட பூட்ஸ் வரிவரியா இருக்கு. தடம் வழவழன்னு இருக்கு. ஈரச் சுண்ணாம்பு அடிச்சவளே அதை மிதிக்கவும் மாட்டா. ஆனா அடிச்சது தெரியாத ஆளுக்கு, ஈரத்துல அது சுண்ணாம்பாவே தெரியாது. படி கழுவி விட்டிருக்குன்னு நினைச்சு மிதிச்சிட்டுப் போயிடுவாங்க. காஞ்ச பிறகுதான் வெள்ளை ஏறும், படியிலயும் சரி, தரையிலயும் சரி. செருப்பு அடியிலயும் சரி."

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. பொலிக்சேனிதான் திரும்பி மகளின் துணிச் செருப்பைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். கலியோப்பியின் முகத்தில் ரத்தம் இல்லை. பெற்றவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் பொலிக்சேனி.

"அத்தை!" என்றாள் லூலே.

"நீ வாயை மூடு. ஆமாய்யா, நான்தான். இந்த அல்பேனியாக்காரியை வீட்டை விட்டுத் துரத்தணும்னு நான்தான் எடுத்து அவ கூடையில போட்டேன். என் வீடு, என் விளக்கு, நான் ஏத்தினேன். இப்ப என்ன? என்னைக் கூட்டிட்டுப் போங்க. கெழவியை ஜெயில்ல போடுங்க."

"அப்பவே சொன்னேனா இல்லையா!" என்று மனூசோஸ் கத்தினான். மெனெலாஸ் ஒரு விரலை உயர்த்தியதும் அடங்கினான்.

"பொலிக்சேனி, நீங்க சொன்னா நம்ப வேண்டியதுதான்" என்றார் மெனெலாஸ், முன்பைவிடத் தணிந்த குரலில். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்கறேன். அந்தத் தடம் செருப்புத் தடம். ஸ்ட்ராத்திஸ் கரை சேரணும்னு ஒண்ணாந் தேதியில இருந்து நீங்க செருப்புப் போடறதில்லைன்னு மாதாவுக்கு நேர்ந்திருக்கீங்க. இன்னிக்குக் காலையில செருப்புப் போட்டீங்களா? நேர்த்திக்கடனை முறிச்சிட்டேன்னு சொல்லுங்க. கதவு திறந்துதான் இருக்கு, மாதா படம் அங்க இருக்கு. அதைப் பார்த்துச் சொல்லுங்க. காவலர் எழுதிக்குவார்."

பொலிக்சேனி வாயைத் திறந்தாள். மகளுக்காக ஊர் முன்னால் திருடி ஆவதற்கு அவள் ஒரு கணமும் தயங்கவில்லை. ஆனால் நடுக்கடலில் இருக்கிற மகனின் உயிரை வைத்துப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. பின்னறைப் பக்கம் பார்த்தாள், கலியோப்பியைப் பார்த்தாள். தூணைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ பேரை அழ வைத்த அந்தக் கிழவி அழுததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

"விடுங்க அவங்களை!" என்று கலியோப்பி அலறினாள். "நான்தான்! போதுமா? செருப்பு எங்க வீட்டுல அடுப்புக்குள்ள கிடக்கு, போய் எடுத்துக்கங்க. எங்க பாட்டி வீடு அம்மாவுக்கு வந்தது, அவங்களுக்கு அப்புறம் எனக்கு வரணும். நான் மூத்தவ! பையனாப் பெத்தது என் குத்தமா? எங்கிருந்தோ மூட்டை தூக்கிட்டு வந்தவ, பொண்ணைப் பெத்து, கெட்டிக்காரத்தனமா மாமியார் பேரையும் வெச்சு வீட்டையும் வளைச்சிட்டா. இவ போயிட்டா பிள்ளையும் அவ பின்னாடி போயிடும், எழுதறது நின்னுடும்னு பார்த்தேன். சிரிச்சுச் சிரிச்சுப் பேசி எனக்கு வயிறு எரிஞ்சு போச்சுய்யா!"

காவலர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். ஏதென்ஸ் அம்மாளிடம் திரும்பி, "அப்ப புகாரை இவங்க பேருக்கு மாத்தி எழுதிடட்டுமா?" என்று கேட்டார்.

அஸ்பாசியா அம்மாள் பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார். "அதெல்லாம் எதுக்கு? சிலுவைதான் கிடைச்சிடுச்சே. நல்ல நாளும் அதுவுமா ஒரு குடும்பத்துப் பொண்ணைப் போலீஸ்ல குடுத்து... வேண்டாம். குடும்ப விவகாரம். உள்ளுக்குள்ள பேசித் தீர்த்துக்கட்டும். மாதா மன்னிப்பா."

"என் விஷயத்துல மட்டும் ஏன் உங்களுக்கு இந்த யோசனை வரல அம்மா?" என்று லூலே கேட்டாள்.

அஸ்பாசியா அம்மாள் மறுபடியும் பையின் கொக்கியோடு மல்லுக்கட்டினார். காவலர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. லூலேதான் திருடி என்று இருந்தவரை அது மாதாவின் பொருள், பெருங்குற்றம், கப்பல், ஸ்டேஷன். கலியோப்பி என்றதும் அது குடும்ப விவகாரம் ஆகிவிட்டது.

பொலிக்சேனி தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. "சரி, நடந்தது நடந்து போச்சு. நீ போய் வேலையைப் பாரு. சாயங்காலக் கப்பல்ல ஆளுங்க வர்றாங்க, ரெண்டு அறை தயாராகணும்."

"ஆமா, வர்றாங்க" என்றாள் லூலே. "அதே கப்பல்லதான் நான் போறேன்."

"என்னது?"

"காவலர்கூட இல்ல. நானே டிக்கெட் எடுத்துட்டுப் போறேன். ஸ்ட்ராத்திஸ் எந்தத் துறைமுகத்துல இறங்கினாலும் அங்க நான் நிப்பேன்." மூட்டை முடிச்சை இறுக்கிக் கட்டினாள். "ஒன்பது வருஷமா உங்க வீட்டுச் சோறு நான் பொங்கினேன். அந்தக் கூடையில சிலுவை கிடைச்சப்ப 'நீயா எடுத்தே'ன்னு யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? 'ஏண்டி எடுத்தே'ன்னுதானே எல்லாரும் கேட்டீங்க. மெனெலாஸ் அண்ணன் ஒருத்தர்தான் உட்காருன்னு சொன்னார். சேனி! செருப்பைப் போட்டுட்டு வா."

உள்கதவு திறந்தது. ஏழு வயசு சேனி வந்து அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். பொலிக்சேனி இரண்டடி முன்னால் வந்தாள்.

"நீ போறதுன்னா போடி. பிள்ளையை விட்டுட்டுப் போ. அவ இந்த வீட்டுப் பிள்ளை. அவ பேரு என் பேரு!"

"பேரு உங்களுதுதான் அத்தை" என்றாள் லூலே. "பிள்ளை என்னுது."

மனூசோஸ் மூட்டையைத் தூக்கி டாக்ஸியில் வைத்தான். வாடகை வாங்க மாட்டேன் என்று வழியெல்லாம் அவனே மூன்று தரம் சொன்னான். மெனெலாஸ் துறைமுகம் வரை கூட வந்தார். கப்பலின் பலகை இறங்கியதும், புது விருந்தாளிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நின்றுவிட்டு, லூலே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. துறைமுகத்தில் இருந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் துப்பவில்லை.

வந்த விருந்தாளிகள் தாங்களே வழி விசாரித்துப் பொலிக்சேனி வீட்டைக் கண்டுபிடித்துப் போனார்கள். முன்னறையில் இறங்கிய பெண் வெளியே வந்து, மெத்தை வெறுமனே கிடக்கிறது, விரிப்பு வேண்டும் என்று கேட்டாள். பொலிக்சேனி மகளைப் பார்த்தாள். கலியோப்பி பட்டுக் கவுனோடு ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினாள். விரிப்பு எங்கே இருக்கிறது என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.